கிழிந்த அறுபது நாள் நோட்டீஸ்

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. மாதுங்காவில் ஆசிரியையாக இருக்கும் நாகலக்ஷ்மி திலக் நகர் வீட்டுக்குத் திரும்பினாள். வெளி இரும்புக் கதவில் வங்கியின் காகிதம் தொங்கியது. கடன் கட்டாததால் வீடு இனி வங்கியின் சுவாதீனமாம். 

ஏழு மணிக்குக் கணவர் மகாதேவன் வந்தார். பழுப்பு ஷூவை வாசல் ஸ்டாண்டில் கழற்றி வைத்தார். ஒரு ஷூவுக்குக் கறுப்புக் கயிறு. காகிதத்தைப் பார்த்தவர் நேரே உள்ளே போனார்.

மாடிவீட்டு வந்தனா வரி வக்கீல். மூக்கை நுழைக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"அறுபது நாள் கெடு குடுத்து முன்னாடியே ஒரு நோட்டீஸ் வந்திருக்கணுமே, மாமி?"

"சத்தியமா நான் பார்க்கலை. மாமாதான் மாசாமாசம் கட்டறார்."

சனிக்கிழமை காலை பத்து மணி. வந்தனா கேட்டதும் வங்கி அதிகாரி அந்த நோட்டீசை ஒட்டியபோது எடுத்த படத்தை அனுப்பிவிட்டார். தபாலை வாங்க மறுத்ததால் கதவிலேயே ஒட்டினார்களாம். இரண்டரை மாதத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணி. படத்தில் நோட்டீஸ் இரும்புக் கதவுக்கு உள்ளே இருக்கும் மரக்கதவில் இருந்தது.

"இரும்புக் கதவை யாரோ திறந்து விட்டிருக்கா. சாவி யார்கிட்ட இருக்கு?"

கணவன் மனைவி இருவரைத் தவிர, பக்கத்து வீட்டுக் கணேசபாண்டியனிடம் ஒன்று. இந்த வீட்டுக்கு இரண்டு முறை விலை கேட்டவர் அவர். வந்தனா அவரைக் கூப்பிட்டு விசாரித்தாள்.

"வெல கேட்டேன், வாஸ்தவந்தான். அதுக்காவ அடுத்தவன் குடியக் கெடுப்பனா? அந்நேரம் நான் தாராவி கடையிலல்லா கெடப்பேன்?"

வந்தனா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"மாமா, ஆபீசுக்கு எந்த ஷூ போட்டுண்டு போவேள்?"

"இருக்கறதே ஒண்ணுதான்."

"எல்லாரும் நோட்டீசைத்தான் பார்த்தோம். கீழே ஸ்டாண்டைப் பாருங்கோ. பழுப்பு ஷூ, கறுப்புக் கயிறு. ஆபீஸ் நேரத்துல நீங்க ஆத்துல இருந்திருக்கேள். தபாலைத் திருப்பினதும் நீங்க, கதவைத் திறந்ததும் நீங்க, கிழிச்சதும் நீங்க."

மகாதேவன் தலையைக் குனிந்துகொண்டார்.

"வேலை போய் ஏழு மாசமாச்சு. இவ ஸ்கூலுக்குப் போனதும் திரும்பி வந்துடுவேன். பாங்க்காராகிட்டக் கெஞ்சிப் பார்க்கத்தான் அன்னிக்குக் கதவைத் திறந்தேன். நேத்து வேலை தேடிப் போன நேரத்துல இதை மாட்டிட்டா."

"நோட்டீசைக் கிழிச்சா கடன் கிழியுமா, மாமா? ஏலம் போனா வீடும் போகும், லாபம்னு கணக்குப் பண்ணி வரியும் உங்க தலையிலதான் விழும். வாங்கி நாலு வருஷம்தான் ஆறது. அஞ்சு வருஷத்துக்குள்ள வீடு கைமாறினா, கடன் அசலைக் காட்டிக் குறைச்ச வரியையும் திரும்பக் கேப்பா. கடன்ல மாமி கையெழுத்தும் இருக்கு, அவாளையும் பிடிப்பா. ஏல விளம்பரம் வரதுக்குள்ள கடனைத் தீர்த்துட்டா வீடு தப்பும்."

நாகலக்ஷ்மி வரியைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஏழு மாசமா டிபன் கட்டிக் குடுத்தேனே. எங்கே உக்காந்து சாப்ட்டேள்?"

"இங்கேதான். கதவைச் சாத்திண்டு."

அவள் டிபன் டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கோபம்கூட அப்புறம்தான் வந்தது.

"திங்கக்கிழமை நான் லீவு போடறேன். பாங்குக்கு ரெண்டு பேருமாப் போவோம்" என்றாள்.