முதல் கூப்பாட்டுக்கு ஆஜர்

ஒரு பெயரை இரண்டாம் தடவை கூப்பிடுகிறவன் தலைவன் அல்ல, வெறும் தொண்டை. இதுதான் சாரணர் மாஸ்டர் காசிநாதனின் கொள்கை. ஐரோப்பாவில் நாலு வருஷமாக யுத்தம் இழுத்துக்கொண்டே போவதற்குக் காரணம், இரண்டு தரப்பிலும் முதல் கூப்பாட்டுக்கு ஆஜர் சொல்லும் பழக்கம் இல்லாததுதான் என்று பெரம்பலூரில் பஸ் நிற்கும் இடத்தில் நின்றபடி, முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல் அவர் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த இருபத்திரண்டு பையன்களில் ஒருவனும் மறுத்துப் பேசவில்லை. பெட்ரோல் பஞ்சத்தில் கரி வாயுவில் ஓடும் பஸ் விட்ட புகையில் அவர்களால் வாயைத் திறக்க முடியவில்லை.

காசிநாதன் கணக்கு வாத்தியார். சாரணர் வேலைக்குச் சம்பளம் கிடையாது, மரியாதையும் கிடையாது. சனிக்கிழமைகள் மட்டும் போகும். காக்கித் துணி போட்டால் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார் என்று பாதித் தாய்மார்கள் அவரைக் கண்டதும் பிள்ளையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி தன் பையனை நெல் குதிருக்குள் இறக்கிவிட்டு, அவன் காசிக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். குதிர் இருமியது.

இத்தனைக்கும் பிறகு சேர்த்த படை இது. அதன் உயிர் இப்போது ஒரு கடிதத்தில் இருந்தது. முகாமின் மூன்றாம் நாள் மாலை ஜில்லா கமிஷனர் நேரில் வருவார், பட்டியலைப் படித்துப் பார்ப்பார், ஒழுங்கு போதாவிட்டால் படையின் பதிவை ரத்து செய்வார்.

முகாமுக்குக் கிடைத்த இடம், மருதையாற்றங்கரையில் ஒரு பழைய சர்வே பங்களா. சுண்ணாம்புக்கல் தேட வந்தவர்கள் கட்டி, தேடி முடிக்காமலே விட்டுப் போனது. உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தார்கள். கதவைத் திறந்ததும் வௌவால் வாடையும் ஈரச் சுண்ணாம்பு வாடையும் கலந்து வந்தன. மழை பெய்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஈரம் எங்கிருந்து வந்தது என்று காசிநாதன் யோசிக்கவில்லை. பின்புறம் பாதி வெட்டி விட்ட ஒரு கிணறு, கைப்பிடிச் சுவர் இல்லாமல் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. சுற்றிலும் ஒரு புல் இல்லை.

சமையலுக்கு ராசாத்தி என்ற பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவள் ஊற்றிய கம்பங்கூழைக் குடித்துவிட்டுப் பையன்கள் வரிசையில் நின்றார்கள். காசிநாதன் பட்டியலை விரித்தார்.

"தர்மன்!"

பதில் இல்லை.

தர்மன் அணித் தலைவன். அவருக்கு நேர் எதிரே, மூன்றடி தூரத்தில், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"காது கேக்கலையாடா?"

"நல்லாக் கேட்டுச்சு சார்."

"அப்ப ஏன் ஆஜர் சொல்லல?"

"இன்னும் ரெண்டு தடவை கூப்பிடுங்க சார். சொல்லிப்புடறேன்."

ராசாத்தி அகப்பையோடு வெளியே வந்தாள். "அவனை வையாதீங்க வாத்தியாரே. நான்தான் சொல்லி வச்சேன். அந்தக் கெணறு வெட்டுறப்ப ஒரு மேஸ்திரி இருந்தான். உச்சி நேரத்துல மேட்டுல நின்னு மஸ்டர் எடுப்பான். ரெண்டு தடவை பேரு கூப்பிடுவான், ஆள் வரலைன்னா அடுத்த பேருக்குப் போயிடுவான். ஒருநாள் எல்லாரையும் உள்ள எறக்கிட்டு, தானும் எறங்கினான். ஒரு பக்கம் சரிஞ்சுது. இன்னமும் ஆள் கூப்பிடறான். அவன் மூணாவது தடவை கூப்பிட மாட்டான். மூணாவதாக் கூப்பிட்டா மனுசன். அப்ப ஏன்னு கேக்கலாம்."

"ஏன், உங்க பேய்க்கு மூணு வரைக்கும் எண்ண வராதா?" என்றார் காசிநாதன். "அப்படின்னா அது எங்க மூணாவது ஃபாரம் பி செக்‌ஷன்ல படிச்சதாத்தான் இருக்கும்."

ராசாத்தி சிரிக்கவில்லை. "எண்ண வரும். பழக்கம் இல்லை."

அன்று முழுக்க மூன்று தடவை பட்டியல் படித்தார். ஒவ்வொரு பெயரையும் ஒரே ஒரு தடவை. ஒருவனும் ஆஜர் சொல்லவில்லை. இருபத்திரண்டு பேர் கண்ணெதிரே நிற்க, தாளில் இருபத்திரண்டு பேரும் லீவு. பங்களாவைச் சுற்றிப் பத்து ஓட்டம் ஓட வைத்தார், ஓடினார்கள். கயிற்றில் நூறு முடிச்சுப் போடச் சொன்னார், போட்டார்கள். வந்து நின்று வாயை மட்டும் மூடிக்கொண்டார்கள். சாரணன் கீழ்ப்படிவான் என்று உறுதிமொழியில் இருக்கிறதே என்று கத்தினார். "மூணாவது தடவைக்குக் கீழ்ப்படியுறோம் சார்," என்றான் தர்மன், மரியாதையாக. காசிநாதனுக்குத் தன் தலைமுடியைத் தானே பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. சாரணர் மாஸ்டர் தொப்பியைக் கழற்றக் கூடாது என்பதால் விட்டுவிட்டார்.

மறுநாள் காலை ராசாத்தி மெல்லச் சொன்னாள்: "முன்னெல்லாம் அவன்கிட்ட இந்தப் புள்ளைங்க பேரு இல்ல வாத்தியாரே. நீங்கதான் மூணு வேளையும் உரக்கப் படிச்சுக் காட்டுறீங்க."

"நல்லது. அவனாவது பட்டியலை மதிக்கிறானே."

அன்று சாயங்காலம் ஒருவன் மசிந்தான். வேம்பு. பட்டியலில் கடைசிப் பெயர், படையிலேயே சின்னவன். விக்கிரமங்கலத்திலிருந்து வந்து மாமன் வீட்டில் தங்கிப் படிக்கிறவன். "வேம்பு!" என்றதும் "ஆஜர் சார்!" என்று கண்ணை மூடிக்கொண்டு கத்தினான். வானம் இடியவில்லை. காசிநாதன் எல்லார் முன்பும் அவன் தோளைத் தட்டி, "இவன் சாரணன். மத்ததெல்லாம் அரைக்கால் சட்டை," என்றார். அது போதும். மூன்றாம் நாள் காலையில் இருபத்திரண்டு பேரும் முதல் கூப்பாட்டுக்கே ஆஜர் சொன்னார்கள். ஓசை பங்களாச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. பின்புறத்திலிருந்தும் வந்தது போல இருந்தது. காசிநாதன் அதையும் தன் வெற்றியில் சேர்த்துக்கொண்டார்.

மத்தியானம். பையன்கள் சாப்பிட்டுவிட்டு மர நிழலில் கிடந்தார்கள். காசிநாதன் வராந்தாவில் உட்கார்ந்து கமிஷனருக்கு அறிக்கை எழுதினார்.

புறாக்கள் முனகிக்கொண்டிருந்தன.

நின்றுவிட்டன.

ஈரச் சுண்ணாம்பு வாடை, யாரோ இப்போதுதான் கலக்கியது போல, குப்பென்று வந்தது.

"வேம்பு!"

அது காசிநாதனின் குரல். அதட்டல், இழுவை, கடைசியில் விழும் அந்தச் சின்ன வெட்டு, எல்லாம் அவருடையது. பின்புறத்திலிருந்து வந்தது.

அவர் தன் வாயைத் தொட்டுப் பார்த்தார்.

மூடியிருந்தது.

"ஆஜர் சார்!"

வேம்பு எழுந்தான். சட்டையைச் சரிசெய்துகொண்டான். கழுத்துத் துணியின் முடிச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, அணிவகுப்பு நடையில், பங்களாவைச் சுற்றிப் பின்பக்கம் போனான். அவர் இரண்டு மாதமாகக் கற்றுக்கொடுத்த நடை. ஒரு பிசகு இல்லை.

காசிநாதன் எழுந்து ஓடினார். கிணற்றுக்கும் அவனுக்கும் இடையே இருபது அடிதான் இருந்தது. அவருக்கும் அவனுக்கும் இடையே அறுபது.

"வேம்பு!"

"வந்துக்கிட்டே இருக்கேன் சார்," என்றான் அவன், கிணற்றைப் பார்த்து.

விசிலை ஊதினார். சத்தம் வந்தது. அவன் திரும்பவில்லை. பத்தடி.

இரண்டாம் தடவை கூப்பிடுகிறவன் வெறும் தொண்டை. அந்த வாக்கியம் அந்த நேரத்திலும் அவர் நாக்கைப் பிடித்து நிறுத்தியது. எத்தனை நேரம் நிறுத்தியது என்று பிற்பாடு அவரால் கணக்குப் போட முடியவில்லை.

"வேம்பு!"

அவன் வலது கால் விளிம்பைத் தாண்டிக் காற்றில் நீண்டது. சரளை உள்ளே உதிர்ந்தது. விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

"வேம்பு!"

கால் அப்படியே நின்றது. பையன் திரும்பி அவரைப் பார்த்தான். பிறகு கிணற்றைப் பார்த்தான். மறுபடி அவரைப் பார்த்தான். காசிநாதன் போய் அவன் கழுத்துத் துணியைப் பிடித்து இழுத்ததில் இருவரும் மண்ணில் விழுந்தார்கள்.

"நீங்க உள்ளதானே சார் இருந்தீங்க," என்றான் வேம்பு, பல் கிட்டிக்க. "பட்டியல் படிச்சீங்க. நெறையப் பேரு ஆஜர் சொன்னாங்க. எல்லாம் பெரியவங்க குரலு. இன்னும் ஒரே ஒரு ஆளுதான் கொறையுதுன்னீங்க."

ராசாத்தி பானைகளைக் கவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தாள். "கெளம்புங்க வாத்தியாரே," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கிளம்பியிருக்கலாம். ஆனால் கமிஷனர் வரும்போது படை இல்லையென்றால், அதற்குப் பிறகு எப்போதும் படை இல்லை. பார்வையிடல் முடிந்த மறு நிமிஷமே போய்விடலாம் என்று காசிநாதன் முடிவு செய்து, பையன்களை முன்வாசலில், கிணற்றுக்கு ரொம்பத் தள்ளி, வரிசையாக நிறுத்தினார். வேம்புவைத் தன் பக்கத்தில் நிறுத்தி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சார்," என்று கிசுகிசுத்தான் தர்மன். "கமிஷனர் பேரு கூப்பிட்டா எத்தனாவதுல சொல்றது?"

காசிநாதன் ரோட்டைப் பார்த்தார்.

"சார்?"

"அவரு மொதக் கூப்பாட்டுலயே எதிர்பார்ப்பாருடா."

"அது தெரியும் சார். நாங்க எதுல சொல்றது?"

மணி மூன்றரை. வெயில் அசையவில்லை. புறாக்கள் இன்னும் பேசவில்லை.

"மிஸ்டர் காசிநாதன்!"

பின்புறத்திலிருந்து. கனத்த, படித்த குரல், உத்தரவு போட்டுப் பழகிய குரல். கமிஷனர் ஆற்றங்கரைப் பாதையாக வந்து பின்பக்கம் இறங்கியிருக்கலாம். அவரைக் காக்க வைத்தால் பதிவு அங்கேயே முடிந்தது. காசிநாதன் மூச்சை இழுத்தார். நாக்கு நுனியில் 'சார்' வந்துவிட்டது.

அந்த இடத்தில் மூன்று நாளாக அந்தப் பெயரை ஒருவரும் உச்சரிக்கவில்லை. பையன்களுக்கு அவர் சார். ராசாத்திக்கு வாத்தியார்.

கிணற்றுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. இருந்தாலும் விசிலை எடுத்துப் பற்களுக்கிடையில் கடித்துக்கொண்டார்.

"மிஸ்டர் காசிநாதன்!"

இருபத்திரண்டு முகங்களும் அவரையே பார்த்தன. எவனும் சிரிக்கவில்லை.

மூன்றாவது வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து முன்பக்கம், அரியலூர் ரோட்டில், கார் ஹாரன் கேட்டது. புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு கறுப்புக் கார் வாசலில் வந்து நின்றது. கமிஷனர் இறங்கினார். வாட்டசாட்டமான மனிதர். சாரணர் முறைப்படி இடது கையை நீட்டிக்கொண்டு, வாய் நிறையச் சிரித்தபடி வந்தார்.

"மிஸ்டர் காசிநாதன்!"

அதே குரல். கிணற்றடியிலிருந்து வந்த அதே குரல். அதே கனம், அதே உத்தரவு.

காசிநாதன் விறைப்பாக, உதடுகளை இறுக மூடிக்கொண்டு நின்றார். நீட்டிய கையையும் அவர் தொடவில்லை. வேம்புவின் மணிக்கட்டை விடவும் இல்லை.

கமிஷனரின் சிரிப்பு மெல்லச் சுருங்கியது. நீட்டிய கையை மடக்கினார். பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்துத் திறந்து, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

"மிஸ்டர் காசிநாதன்!"

இரண்டு ஆயிற்று.

காசிநாதன் காத்திருந்தார்.