பதினோராம் கூண்டில் ஒரு சொல்

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு, பதினோராம் கூண்டில் இருந்த நாய்க்கு இன்னும் அறுபத்தாறு மணி நேரம் மிச்சமிருந்தது.

கூண்டுக் கதவில் தொங்கிய அட்டையில் டாக்டர் எழுதியிருந்தார்: 'ஞாயிறு, காலை பத்து. ஊசி.'

அது காய்ச்சலுக்குப் போடும் ஊசி இல்லை என்று துருவிக்குத் தெரியும். அதைப் போட்டால் நாய் தூங்கிவிடும். பிறகு எழுந்திருக்காது.

துருவி என்பது அவளுடைய பள்ளிக்கூடப் பெயர் இல்லை. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் மாமா வைத்த பெயர். "காய் துருவுற துருவிகூடக் காய் தீர்ந்ததும் நின்னுடும். இவ நிக்க மாட்டா" என்பார் மாமா.

கால்நடை மருத்துவமனையில் கூண்டுகளைக் கழுவி, உணவு வைப்பது அம்மாவின் வேலை. பள்ளி விட்டதும் துருவி அங்கே வந்து வீட்டுப்பாடம் எழுதுவாள்.

பதினோராம் கூண்டு நாய்க்கு அகன்ற முகம், தடித்த கழுத்து. ஒரு காதில் பாதி இல்லை. மூக்கைச் சுற்றிப் பழைய தழும்புகள். முன்காலில் புதுக் கட்டு. போன வாரம் யாரோ அதை வாசல் கம்பியில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

அம்மா சோற்றுத் தட்டை நீட்டினாள். "இந்தாடா, பிடி."

நாய் பாய்ந்தது. கம்பியைக் கடித்து உலுக்கியது. தட்டு உருண்டு ஓடியது. அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"பிட்புல் வகைன்னாலே இப்படித்தான்" என்றாள் மூச்சு வாங்க. "சோறு போடற கையையே கடிக்க வருது பாரு."

"ஏம்மா அப்படி?"

"ஆரம்பிச்சிட்டியா? தள்ளி உக்காரு. மஞ்சள் கோட்டைத் தாண்டாதே."

அம்மா துடைப்பம் எடுக்கப் போனாள். துருவி கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தாள். நாய் சிந்திய சோற்றை மெதுவாகச் சாப்பிட்டது. ஓர் எறும்பு வரிசை குறுக்கே வந்தது. நாய் பின்வாங்கி, அது கடந்து போகும்வரை காத்திருந்தது.

எறும்புக்கு வழி விடுகிற நாய் பொல்லாத நாயா?

"டேய்" என்றாள் மெதுவாக. "எனக்கு உன்னை ரொம்பப் பிடிக்கு..."

சொல்லி முடிப்பதற்குள் நாய் பாய்ந்தது. கம்பிகள் அதிர்ந்தன.

துருவி அழுதாள். பயத்தால் இல்லை. நல்ல வார்த்தைதானே சொன்னாள்?

அன்றே அவள் ஒரு நோட்டை எடுத்தாள். நாய் பாயும்போதெல்லாம் நேரம், அருகில் இருந்தவர், நடந்தது, பேசியது எல்லாவற்றையும் எழுதினாள். அம்மாவின் சிவப்புக் கையுறைதான் காரணம் என்று முதலில் நினைத்தாள். வெள்ளிக்கிழமை அம்மா கையுறை இல்லாமல் வந்தாள். அப்போதும் பாய்ந்தது. வாளிச் சத்தமோ என்று பார்த்தாள். வாளி விழுந்தபோது நாய் கொட்டாவிதான் விட்டது.

பிறகு டாக்டர் காயத்தைப் பார்க்க வந்தார். நாய் அமைதியாகப் படுத்திருந்தது.

"டாக்டரம்மா, இந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்க" என்றாள் அம்மா.

உடனே பாய்ந்தது. டாக்டரின் கண்ணாடி கீழே விழுந்தது.

துருவி நோட்டைப் புரட்டினாள். 'இந்தாடா, பிடி.' 'டார்ச்சைப் பிடிங்க.' 'உன்னை ரொம்பப் பிடிக்கு...' ஒரே சொல். எல்லா இடத்திலும் வட்டம் போட்டாள்.

அன்று மாலை மாமாவின் சரக்கு வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றது. மாமா தினமும் துருவிக்கு ஓர் ஆரஞ்சுப் பழம் கொண்டுவருவார். வண்டி ஜன்னலிலிருந்தே தூக்கிப் போடுவார். "ஏய் துருவி, பிடி!" என்று கத்துவார். தெருவுக்கே கேட்கும்.

இந்த ஒரு வாரமாக அவர் தூக்கிப் போடவில்லை. இறங்கி வந்து, அவள் கையில் வைத்தார்.

"வாங்கிக்கோ."

துருவி பழத்தைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள்.

"மாமா, இப்பல்லாம் ஏன் நீங்க பிடின்னு..."

"அந்த வார்த்தை வேண்டாம், துருவி."

மாமாவின் முகம் அப்படி ஆகி அவள் பார்த்ததே இல்லை. அவளிடம் இன்னும் ஒன்பது கேள்விகள் இருந்தன. ஒன்றையும் கேட்கவில்லை. பழத்தை உரித்துப் பாதியை அவரிடம் நீட்டினாள்.

சனிக்கிழமை காலை அவள் நோட்டை டாக்டரிடம் கொடுத்தாள். டாக்டர் இரண்டு தடவை படித்தார்.

"நல்லா எழுதியிருக்கே. ஆனா சோதிச்சுப் பார்க்கணும். நீ கோட்டுக்கு இந்தப் பக்கமே நில்லு."

டாக்டர் கூண்டின் முன் ஒரு பிஸ்கட்டை நீட்டினார். "சாப்பிடு." பாதிக் காது அசைந்தது. "எடுத்துக்கோ." நாய் ஓரடி முன்னால் வந்தது. "வாங்கிக்கோ." பிஸ்கட்டை உதட்டாலேயே எடுத்துக்கொண்டது.

டாக்டர் கையை இழுத்துக்கொண்டார். பிறகு, குழந்தையைக் கொஞ்சுவதுபோல மெல்லச் சொன்னார். "பிடி."

கம்பிகள் அதிர்ந்தன.

டாக்டர் பின்னால் நகர்ந்தார். "இது கோபம் இல்ல" என்றார். "பழக்கம். நாய்ச் சண்டைக்கு இப்படித்தான் பழக்குவாங்க. இந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லியே இன்னொரு நாய் மேல ஏவி விட்டிருக்காங்க."

"அப்ப ஊசி வேண்டாம்தானே?"

"இந்த மாதிரி நாய்களை மாத்திப் பழக்க ஒரு காப்பகம் இருக்கு. ஆனா என்ன நடந்ததுன்னு நேர்ல பார்த்த ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் எடுத்துப்பாங்க. போட்டா போலீசும் கூப்பிட்டுக் கேக்கும். யாரு வருவா, சொல்லு?"

துருவிக்கு ஒருவரைத் தெரியும். வாய் வரைக்கும் வந்த சொல்லை விழுங்கினாள். அதை அவள் சொல்லக் கூடாது. அவர்தான் சொல்ல வேண்டும்.

மாலையில் அவள் நோட்டை மாமாவின் மடியில் வைத்தாள்.

"எழுத்துப் பிழை இருக்கான்னு பாருங்க மாமா."

மாமா ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். கடைசிப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'ஞாயிறு பத்து மணிக்குள். நேரில் பார்த்தவர்:' அதற்குப் பிறகு ஒரு கோடு.

"இங்கே காலியா இருக்கே" என்றார் மாமா.

"ஆமா மாமா. காலியாத்தான் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு டாக்டர் தட்டில் ஊசியுடன் வந்தார். அம்மா துருவியின் தோளை இழுத்து அணைத்துக்கொண்டாள். நாய் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. ஒன்பது ஐம்பதுக்கு வாசலில் சரக்கு வண்டியின் சத்தம் கேட்டது.

மாமா உள்ளே வந்தார். நாய் திரும்பி மோப்பம் பார்த்தது. வால் ஒரே ஒரு தடவை அசைந்தது.

"இதை வாசல்ல கட்டினது நான்தான் டாக்டர்" என்றார் மாமா.

"நீயாடா?" என்றாள் அம்மா.

"உன்கிட்ட சொல்லப் பயமா இருந்துச்சுக்கா." அவர் டாக்டர் பக்கம் திரும்பினார். "பழைய மரக் கிடங்குக்குப் பின்னாடி சண்டை விடறாங்க. இது தோத்துப்போச்சு. செத்துடுச்சுன்னு குப்பைமேட்டுல வீசிட்டாங்க. மூச்சு இருந்துச்சு. வண்டியில ஏத்திக் கொண்டு வந்தேன்."

டாக்டர் தட்டைக் கீழே வைத்தார். அட்டையில் 'ஊசி' என்ற சொல்லை அடித்தார். ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"இந்தா, பேனாவைப் பி..." என்ற அம்மா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "வாங்கிக்கோடா."

மாமா பேனாவை வாங்கினார். டாக்டர் கேட்டார்: "நீங்க அங்கே சரக்கு இறக்கப் போனீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். மாமா துருவியைப் பார்த்தார். துருவி ஒன்றும் கேட்கவில்லை.

"இல்ல டாக்டர்" என்றார் மாமா. "வேடிக்கை பார்க்கத்தான் போனேன். எல்லாரும் அந்த வார்த்தையைக் கத்தினாங்க. நானும் கத்தினேன்."