தண்டல் பங்கு

"தண்டல் திட்டுக்கு யாரு வள்ளம் எடுக்கிய?" என்று பிளேவியா கேட்டாள். பெரியமணல் கரையில் நின்ற ஆம்பளைகள் அத்தனை பேருக்கும் அந்த நிமிஷத்தில்தான் வலையில் கிழிசல் தெரிந்தது. குனிந்து தைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

முந்தாநாள் விடியலில் போனவன் அவளுடைய அண்ணன் ரெமிஜியூஸ். எதற்குப் போனான் என்பது பரம ரகசியம். "யார்ட்டயும் சொல்லிராத" என்று சொல்லிச் சொல்லியே ஊர் முழுக்கச் சொல்லியிருந்தான். எந்தக் காலத்திலோ அந்த மணல்திட்டில் மோதி உடைந்த தோணியின் வெண்கல மணி, பெரிய அண்டா அளவுக்கு இருக்குமாம். அதை எடுத்துவந்து பணக்காரனாவானாம். நேற்று மத்தியானம் அவன் வள்ளம் மட்டும் ஆளில்லாமல் கரைக்கு மிதந்து வந்தது. வேறு எல்லா இடத்திலும் தேடினார்கள். திட்டுக்கு மட்டும் ஒருவரும் போகவில்லை.

காரணம் தண்டல். உடைந்த தோணியை நடத்திவந்த அந்தத் தலைவன் திட்டிலேயே கிடந்து செத்தான், பிணத்துக்குக் கண் இல்லை என்பது ஊர்க் கதை. அங்கே கண்ணசந்தவன் கண்ணைத் தண்டல் எடுத்துக்கொள்வானாம். அதனால் திட்டைத் தாண்டும் ஒவ்வொரு வள்ளமும் முதல் மீனை அந்தப் பக்கம் எறிந்துவிட்டுத்தான் போகும். அதற்குப் பேர் தண்டல் பங்கு. பெண்டாட்டிக்கு ஒழுங்காகப் பங்கு கொடுக்காதவன்கூடத் தண்டலுக்குக் கொடுக்கத் தவறியதில்லை.

கடைசியில் வள்ளம் எடுத்தவர் சூசை மாமா. ரெமிஜியூஸின் மனைவி டெல்பின் அவர் காதருகே போய் என்னவோ சொன்னாள். மனிதர் முகம் வெளுத்து இஞ்சினை இழுத்தார். அவள் சொன்னது என்ன என்று தெரு முழுக்க விசாரித்துப் பார்த்தாயிற்று, இன்றுவரை பிடிபடவில்லை.

மார்கழிப் பனி கடலை மூடியிருந்தது. கடல்பாசி எடுத்துக் காய்த்த கையால் பிளேவியா வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் டெல்பின். அண்ணன் செத்திருப்பான் என்று அவள் நினைக்கவில்லை. நினைக்காமலிருக்க அவ்வளவு பாடுபட்டாள்.

வெள்ளையாய்த் திட்டு தெரிந்ததும் சூசை மாமா ஓலைப்பெட்டியிலிருந்து ஒரு சாளை மீனை எடுத்து வீசினார். "தண்டலே, வாங்கிக்க. எங்கள விட்டுரு."

மீன் தண்ணீரைத் தொடவில்லை. பனிக்குள்ளிருந்து ஒரு ஆலாப் பறவை சிட்டாய்ப் பாய்ந்து கவ்வியது. அதன் பின்னாலேயே கோழியைவிடப் பெரிய வெள்ளைக் கடல்காக்கா ஒன்று வந்தது. ஆலாவின் இறக்கையைப் பிடித்து உலுக்கியது. மீன் விழுந்தது. கடல்காக்கா மீனை விட்டுவிட்டு ஆலாவை விழுங்கியது! தலை உள்ளே போன பிறகும் அந்தப் பெரிய அலகுக்கு வெளியே இறக்கை படபடத்துக்கொண்டிருந்தது.

"மாதாவே!" என்றாள் டெல்பின்.

எங்கிருந்தோ ஒரு கிழவன் சிரிப்பதுபோல் சத்தம் கேட்டது. ஒரு சிரிப்பு நூறு சிரிப்பானது.

வள்ளம் மணலில் தட்டியது. "நான் இங்கனயே இஞ்சினப் பாத்துக்கிடுதேன்" என்றார் சூசை மாமா. இஞ்சின் எங்கே ஓடிப் போகப்போகிறது என்று யாரும் கேட்கவில்லை. பெண்கள் இருவரும் இறங்கி நடந்தார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் பிளேவியாவுக்கு முதுகு கூசியது. திரும்பினாள். மணல் முழுக்கக் கடல்காக்காய்கள். பறக்கவில்லை, பின்னாலேயே நடந்து வந்துகொண்டிருந்தன. அவள் நின்றதும் அவையும் நின்றன. அவள் நடந்தாள், அவையும் நடந்தன. ஊர்வலத்தில் வருகிறவர்கள் மாதிரி அவசரமே இல்லை.

"மதினி, திரும்பாத. நட."

"ஏட்டி, அது என்ன கெடக்கு?"

கிழிந்த வலையில் சிக்கிய பெரிய ஆமை. உயிர் இருந்தது, மூச்சு வாங்கியது. ஆனால் கண் இருந்த இடத்தில் இரண்டு சிவப்புக் குழிகள்தான் இருந்தன. பக்கத்தில் நின்ற பறவையின் அலகு நுனியும் சிவப்பு. அது தலையைச் சாய்த்து டெல்பினின் முகத்தைப் பார்த்தது. மூக்கைப் பார்க்கவில்லை, வாயைப் பார்க்கவில்லை; நேராகக் கண்ணைப் பார்த்தது.

டெல்பின் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அவுகளையும் இப்பிடித்தானட்டி..."

"வாய மூடு மதினி! கேளு!"

சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே ஒரு பாட்டு. கோயில் பாட்டுத்தான், ராகம் எங்கோ போய்விட்டிருந்தது. ஊரில் அவ்வளவு மோசமாகப் பாடுகிறவன் ஒருவன்தான்.

"அண்ணே!" பிளேவியா ஓடினாள்.

மணலில் புதைந்த தோணியின் விலாக்கட்டைகளுக்கு நடுவே ரெமிஜியூஸ் கிடந்தான். துருப்பிடித்த இரும்பு கிழித்த கால் வீங்கிக் கறுத்திருந்தது. சட்டையைத் தலையில் சுற்றியிருந்தான். அவனைச் சுற்றி வட்டமாகப் பறவைகள். அவன் பாடுவதை நிறுத்தினால் ஓர் அடி நெருங்கும். கையை வீசினால் ஓர் அடி விலகும்.

"பேசுங்க" என்றான், காற்றாய்ப் போன குரலில். "சும்மா இருக்காதிய. நான் போனதுலருந்து தூங்கல. தூங்குனா கண்ணு போயிரும். எனக்குப் பாட்டெல்லாம் தீந்துபோச்சு டெல்பின்."

டெல்பின் அழவில்லை. "மணியா எடுக்கப் போனீரு மணி? வீட்டுக்கு வாரும், நான் அடிக்கேன் மணி" என்று பெரிய குரலில் திட்டத் தொடங்கினாள். அந்தக் குரலுக்கு முன்வரிசைப் பறவைகள் நான்கு பின்னால் போயின. குரலின் பெருமையை அண்டைவீட்டுக்காரர்கள் ஏற்கெனவே அறிவார்கள்.

இருவரும் அவனைத் தோளில் தூக்கினார்கள். கையை வீச இனி யாருக்கும் கை இல்லை. பறவைகளுக்கு அது புரிந்துவிட்டது. முதல் கொத்து பிளேவியாவின் நெற்றியில் விழுந்தது. ரத்தம் புருவத்தில் வழிந்தது. இன்னொன்று ரெமிஜியூஸின் தலையிலிருந்த சட்டையைப் பறித்துக்கொண்டு போனது.

வள்ளத்திலிருந்து சூசை மாமா அலறினார். "தண்டலே, கோவப்படாத! பங்கு தாரேன்! இந்தா!" ஒரு கை சாளையை அள்ளி அவர்கள் பக்கம் வீசினார்.

மீன் அவர்கள் காலடியில் விழுந்தது. திட்டே எழும்பி அவர்கள்மேல் விழுந்தது! இறக்கை, அலகு, நாற்றம், சிரிப்பு. டெல்பின் உடம்பால் புருஷன் முகத்தை மூடிக்கொண்டு மணலில் குப்புற விழுந்தாள்.

பிளேவியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மனுஷன் வந்தால் மீன் வரும். இத்தனை வருஷமாக இந்தப் பறவைகளுக்கு இதைப் பழக்கிக்கொடுத்தது யார்? தண்டல் இல்லை. ஒவ்வொரு வள்ளமும், அவளுடைய அப்பாவும் சேர்த்துத்தான்.

"மாமா! எங்க பக்கம் எறியாதிய! பெட்டியோட கடலுக்குள்ள தட்டும்! அந்தப் பக்கம்!"

"தண்டலுக்குக் குடுக்காம கடல்ல தட்டுனா நம்மள விடுவானா மக்கா?"

"தண்டலும் இல்ல, ஒருத்தனும் இல்ல! தட்டுதீரா, இல்ல உம்ம காதுல சொன்ன விஷயத்த மதினிய ஊருக்கே சொல்லச் சொல்லட்டா?"

பேயைவிடப் பெரிய பயம் அது. பெட்டி கவிழ்ந்தது. வெள்ளைக் கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் சரிந்தது. பெண்கள் ரெமிஜியூஸை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். கால் மணலில் புதைந்தது, எழுந்தார்கள், மறுபடி ஓடினார்கள். அவனை வள்ளத்துக்குள் உருட்டித் தள்ளியதும் இஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது.

"டெல்பின், இப்ப தூங்கலாமா?" என்று ரெமிஜியூஸ் கேட்டான். அவள் தன் உள்ளங்கையை அவன் கண்களின்மேல் வைத்தாள். பிளேவியா துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணன் தலைமாட்டில் நின்றாள். கரை வரும்வரை உட்காரவில்லை.

கரையில் கூட்டம். அசையாமல் கிடந்தவனைப் பார்த்ததும் ஒப்பாரி வெடித்தது. அழுவதில் கெட்டிக்காரியான ஒருத்தி மார்பில் ஓங்கி அறைந்துகொண்ட நேரத்தில் பிணம் குறட்டை விட்டது. அழுதவர்கள் அப்படியே சிரித்தார்கள். வலை தைத்த ஆம்பளைகள் இருவர் உடனே ஓடிவந்து அவனைத் தூக்கிப்போகக் கட்டில் பிடித்தார்கள். தாங்களும் கூடப் போனதாக இப்போது சொல்லிக்கொள்கிறார்கள்.

மணி கிடைக்கவில்லை. இருந்ததா என்பதே சந்தேகம். பிளேவியாவின் நெற்றித் தழும்பைக் காட்டித் தாய்மார்கள் பிள்ளைகளிடம் சொல்வது ஒன்றுதான்: பயந்து பயந்து தீனி போட்டால் பயம் கொழுக்கத்தான் செய்யும்.

திட்டுப் பக்கம் இப்போது யாரும் மீன் எறிவதில்லை. பறவைகளுக்கு அது புரியச் சில நாள் ஆனது. அதற்குள் அவை வள்ளங்களின் பின்னாலேயே வந்து கரையைக் கண்டுபிடித்துவிட்டன. மத்தியான வெயிலில் பெரியமணல் கரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன; சத்தமே போடுவதில்லை, பார்க்கின்றன, அவ்வளவுதான். குடித்துவிட்டு வள்ளத்தடியில் விழுந்து தூங்கும் ஆம்பளைகள் இப்போதெல்லாம் பொழுதோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.