ஒருநாள் விருந்தாளி

வீட்டில் அவளுக்குப் பெயரே 'கேள்வி'தான். வாயைத் திறந்தால் கேள்வி. இந்தப் பட்டத்தைக் கொடுத்தவள் அக்கா.

அக்கா பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டால் பந்து எது, ஆள் தலை எது என்று தெரியாது. ஆனால் கண்ணாடியோடு ஆடக் கூடாது என்று புது கோச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை இறுதிப் போட்டி. அப்பா இருவரையும் கண் டாக்டரிடம் கூட்டிப் போனார்.

அந்த டாக்டரம்மா மூன்று வகை கான்டாக்ட் லென்ஸ்களைக் காட்டினார். ஒன்று சின்னது, விறைப்பானது. முதலில் உறுத்துமாம், பழகினால் பார்வை பளிச்சென்று இருக்குமாம். இரண்டாவது மெத்தென்றது. தினமும் கழற்றி, அதற்குரிய மருந்துநீரில் கழுவி ஊறவைத்தால் ஒரு மாதம் வரும். மூன்றாவதைக் காலையில் போட்டால் சாயங்காலம் தூக்கிப் போட்டுவிட வேண்டும். எந்த லென்ஸிலும் குழாய்த் தண்ணீர் படவே கூடாது.

கேள்வி விரல்விட்டு எண்ணினாள். "அப்போ முதல் லென்ஸ் பெரியப்பா. மொதல்ல முறைப்பார், பழகிட்டா தங்கம். ரெண்டாவது லீவுக்கு வர்ற சித்தி. ஒரு மாசம் இருப்பாங்க, தினமும் நல்லா கவனிக்கணும். மூணாவது ஒருநாள் விருந்தாளி. சரியா டாக்டர்?"

"பெரியப்பா காதுல விழாம பாத்துக்க," என்றார் அப்பா.

அக்காவோ கண்ணாடி இல்லாத தன் முகத்தைச் சுவரில் மாட்டிய கண்ணாடியில் மூக்கு உரச நின்று ரசித்துக்கொண்டிருந்தாள். புரிந்ததா என்று டாக்டர் கேட்டதற்கு, எல்லாம் தெரியும் என்றாள்.

அவளுக்கு முடிவானது சித்தி. ஆனால் சித்தி வந்து சேரத் திங்கட்கிழமை ஆகும். அதனால் போட்டிக்கென்று ஒரே ஒரு ஜோடி விருந்தாளியைக் கொடுத்து, போடவும் கழற்றவும் பழக்கி அனுப்பினார் டாக்டர்.

வெள்ளிக்கிழமையே அக்காவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. பயிற்சிக்கே அதைப் போட்டுக்கொண்டு போனாள். சாயங்காலம் கேள்வி பார்த்தபோது, ஒரு டப்பா மூடியில் குழாய்த் தண்ணீர். அதில் இரண்டு லென்ஸ்.

"விருந்தாளிய ஏன்க்கா குளிப்பாட்டுற?"

"நாளைக்கும் இதத்தான் போடணும். வாய மூடு."

"கண்ணு புண்ணாயிடும்க்கா. டாக்டர் சொன்னாங்களே."

அக்காவின் முகம் வாடியது. "எல்லாம் தெரியும்னு பீத்திக்கிட்டேனே. இப்போ எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய்க் கேக்குறது?"

கேட்பதற்குக்கூட வெட்கப்படுவார்களா? கேள்விக்கு அதிசயமாக இருந்தது. மூடியில் இருந்ததைக் குப்பைக்கூடையில் போடவைத்து, அம்மாவிடம் சொல்லிவிட்டு, அடுத்த தெருவில் இருந்த கிளினிக்குக்கு ஓடினாள்.

"டாக்டர், விருந்தாளி ஒரு நாள் முன்னாடியே வந்துட்டுப் போயிட்டாங்க. நாளைக்கு வேற யாரையாவது அனுப்புவீங்களா?"

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. "உங்க அக்கா ஏன் வரல?"

"அத மட்டும் கேக்காதீங்க டாக்டர்."

அவர் சிரித்துக்கொண்டே மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு ஜோடியை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் அக்கா மூன்று பந்துகளைப் பிடித்தாள். கடைசியாக வந்ததை விரல் நுனியால் வெளியே தட்டிவிட்டாள். கோப்பை அவர்கள் பள்ளிக்கு வந்தது.

சாயங்காலம் லென்ஸைக் கழற்றி, குப்பைக்கூடை அருகே நின்று, "போயிட்டு வாங்க," என்று வழியனுப்பினாள் அக்கா.

"வரக் கூடாதுக்கா. போங்கன்னு மட்டும் சொல்லு."

அக்கா சிரித்தாள். பிறகு மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏய் கேள்வி, திங்கக்கிழமை சித்தி வர்றாங்களே, அவங்கள எதுல ஊறவைக்கணும்?"

கேள்வி நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டாள். அந்த வீட்டில் அக்கா அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.