கொசுவலையை எடுத்தவள்

வெளிநாடு போகிறவர்கள்தான் அந்த அறைக்கு வருவார்கள். போய்ச் சேர்ந்துவிட்ட ஒருவரைப் பற்றிக் கேட்க வந்தவள் அவள் ஒருத்திதான்.

அறை ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. எந்த நாட்டுக்கு எந்தத் தடுப்பூசி, எத்தனை நாள் முன்னால் போட வேண்டும், யாருக்கு ஆகாது என்று சொல்லி அனுப்புவது டாக்டரம்மாவின் வேலை. விமான நிலையத்தில் பயணிகளின் உடல்நலத்தைப் பார்க்கும் மேசையில் பாதி ஆயுளைக் கழித்தவர். பொய்யான தடுப்பூசி அட்டை நீட்டியவர்களை அட்டையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தே திருப்பி அனுப்பியவர் என்று பேர். அவருக்குக் கூடமாட இருந்த மனிதரை எல்லாரும் "விசா" என்று கூப்பிட்டார்கள். ஒரு காலத்தில் பயண ஏஜென்சி நடத்தியவர். ஏஜென்சியை மூடிவிட்டார், வாயை மட்டும் மூடவில்லை.

"எந்த நாடும்மா?" என்று விசா பேனாவைத் திறந்தார்.

"நான் போகல சார். என் வீட்டுக்காரர் போனார். வரல."

வந்தவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திரு என்று யாரோ சொல்லப்போகிறார்கள் என்று எதிர்பார்த்துப் பழகிப்போனவள் போலிருந்தது.

அவளுடைய கணவனும் கணவனின் அண்ணனும் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்கள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இருவரையும் ஜோடியாக வேலைக்குக் கூப்பிட்டது. அந்த நாட்டுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். போட்டுக்கொண்டார்கள், போனார்கள். மூன்றாவது மாதம் தம்பி மஞ்சள் காய்ச்சலில் செத்துப்போனான். அண்ணன் சவப்பெட்டியோடு திரும்பி வந்தான்.

"தடுப்பூசி போட்டவருக்கு அந்தக் காய்ச்சல் வர்றது ரொம்ப அபூர்வம்" என்றார் டாக்டரம்மா.

"அதை எங்க வீட்ல யாரும் கேக்கல டாக்டர். பை எடை கூடிப்போச்சுன்னு கடைசி நேரத்துல கொசுவலையை எடுத்து வெளியில வச்சது நான். வலை இருந்திருந்தா தம்பி பிழைச்சிருப்பான்னு அவரோட அண்ணன் அங்கயிருந்து போன்ல சொன்னார். அன்னையிலேருந்து மாமியார் என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கிறதில்ல. தெருவுல எனக்குக் 'கொசுவலை'ன்னே பேரு வச்சுட்டாங்க." அவள் மூச்சு வாங்கினாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவரை நான்தான் கொன்னேனா?"

விசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டரம்மாவுக்குக் கலங்கவில்லை. அவர் நோட்டை மூடி வைத்துவிட்டு, ஊசி போட்ட நாளைப் பற்றிச் சொல்லச் சொன்னார்.

"என் ஓரகத்தி ஒரு கிளினிக்ல நர்ஸ். அந்தச் சமயம் மருந்து எங்கயும் கிடைக்கல, புறப்படவும் நாள் இல்ல. அக்காதான் அலைஞ்சு திரிஞ்சு மருந்தை ஐஸ் பெட்டியில வச்சுக் கொண்டுவந்து வீட்லயே போட்டாங்க. அட்டை ரெண்டுலயும் கிளினிக் முத்திரையும் வாங்கித் தந்தாங்க. அடுப்படியில தயார் பண்ணி எடுத்துவந்து, முதல்ல அவங்க வீட்டுக்காரருக்கு, அப்புறம் இவருக்கு. பஞ்சு பிடிச்சது நான். காலியான மூணு குப்பியையும் பேப்பர்ல சுத்திக் குப்பையில போட்டதும் நான்தான். எல்லா வேலையும் என் தலையிலதானே."

"போட்ட பிறகு யாருக்காவது உடம்புக்கு ஏதாவது வந்துச்சா?"

"அண்ணனுக்கு அஞ்சாறு நாள் கழிச்சுக் காய்ச்சல், தலைவலி. இவருக்கு ஒண்ணுமே இல்ல. நான் இரும்புன்னு சிரிச்சார். அண்ணன்தான் பாசத்துல, உனக்கு வரலையாடா, உனக்கு வரலையாடான்னு கேட்டுட்டே இருந்தார். அப்புறம் ஒரு நாள் கேக்கறதை விட்டுட்டார்."

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை நானே வீட்டுக்கு வர்றேன். எல்லாரும் இருக்கட்டும்" என்றார்.

அதற்குள் விசா சும்மா இருக்கவில்லை. கிளினிக்குக்குப் போய்த் தனக்கே ஊசி வேண்டும் என்பதுபோல நடித்துவிட்டு, ஸ்கூட்டரை நிறுத்தக்கூடப் பொறுமையில்லாமல் ஓடிவந்தார்.

"பிடிச்சுட்டேன் டாக்டர்! அந்த மாசம் அந்தத் தெருவுல கரண்ட் போய்ப் போய் வந்திருக்கு. ஃப்ரிட்ஜ் நின்னிருக்கும், மருந்து கெட்டிருக்கும். கெட்ட மருந்தைத் தலையில கட்டிட்டாங்க!"

"வேற என்ன பார்த்தீங்க?"

"வேறென்ன, மருந்தைத்தான் காட்டுனாங்க. ஒரு ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி. உள்ளே பொடி ஒரு குப்பி, அதைக் கரைக்கிற தண்ணி ஒரு குப்பி. தண்ணியைப் பொடியில ஊத்திக் கலக்கி ஊசியில இழுக்கணுமாம். அது கிடக்கட்டும், ஃப்ரிட்ஜ் பத்திச் சொல்லுங்க."

"ஃப்ரிட்ஜ் நல்லாத்தான் இருந்திருக்கு. கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்க விசா."

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டின் முன்னறையில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் சோபாவில். மூத்த மகன் அவர் பக்கத்தில், தோள் அகன்றவன், கண்கள் மட்டும் தரையில். நர்ஸ் அவனுக்குப் பின்னால் நின்றாள். நேர்த்தியான பெண், சுத்தமான நகங்கள். இளையவள் கதவோரம் நின்றாள், அவளுக்கு நாற்காலி போடவில்லை.

"எதுக்கு இந்த விசாரணையெல்லாம்?" என்றார் மாமியார். "ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னு என் பிள்ளைங்களை நான் பார்த்ததே இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே நாள், ஒரே கையால ஊசி. இவ வலையை எடுத்தா, என் பிள்ளை போயிட்டான். இதுல துப்பறிய என்ன இருக்கு?"

"முதல்ல வலையை முடிச்சுடுவோம்" என்றார் டாக்டரம்மா. "மஞ்சள் காய்ச்சலைப் பரப்புற கொசு பகல்ல கடிக்கிற கொசு. உங்க பிள்ளை பகல் முழுக்க வெட்டவெளியில குழாய் இறக்கிட்டு நின்னவர். ராத்திரி கட்டிலுக்கு மேல பட்டுத்துணியே கட்டியிருந்தாலும் பிரயோஜனம் இல்ல. அவரைச் சாக விட்டது வலை இல்ல."

கதவோரம் நின்றவள் ஓரடி உள்ளே வந்தாள்.

"அப்ப மருந்து கெட்டுப்போயிருக்கு!" என்று விசா எழுந்தே விட்டார். ஃப்ரிட்ஜை அவரால் விட முடியவில்லை.

"மருந்து கெடல. அது உயிருள்ள மருந்து. உடம்புக்குள்ள போய் வேலை செய்யறப்ப சிலருக்கு அஞ்சாறு நாள்ல லேசாக் காய்ச்சல் வரும். அண்ணனுக்கு வந்துச்சு. அவருக்குப் போனது நல்ல மருந்து. தம்பிக்கு வரல. வராமலும் இருக்கலாம், அதை வச்சு மட்டும் யாரையும் நான் குத்தம் சொல்ல மாட்டேன்." டாக்டரம்மா நர்ஸைப் பார்த்தார். "ஒரு ஆளுக்கு எத்தனை குப்பிம்மா?"

"ரெண்டு" என்றாள் நர்ஸ். பிறகுதான் அவள் முகம் மாறியது.

"ரெண்டு ஆளுக்கு நாலு. உங்க ஓரகத்தி குப்பையில போட்டது மூணு. பொடி ஒண்ணு, தண்ணி ரெண்டு. பொடி கரைஞ்ச தண்ணி உங்க வீட்டுக்காரர் கையில போச்சு. வெறும் தண்ணி கொழுந்தன் கையில போச்சு."

 நர்ஸ் மறுக்கப்போகிறாள் என்று விசா எதிர்பார்த்தார். அவள் மறுக்கவில்லை. இத்தனை மாதமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் போலப் பேச ஆரம்பித்தாள்.

"கிளினிக்ல கடைசியா ஒரு பெட்டிதான் இருந்துச்சு. தனியாக் கிடந்த தண்ணிக் குப்பி ஒண்ணையும் சேத்து எடுத்துக்கிட்டேன். ஜோடியா வந்தாத்தான் வேலைன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. ஒருத்தர் நின்னா ரெண்டு பேருக்கும் போச்சு. போற எல்லாருக்குமா காய்ச்சல் வருதுன்னு நெனச்சேன். தாயும் பிள்ளையும்னாலும் வாயும் வயிறும் வேறதானே டாக்டர்?" அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. ரெண்டு பேரு, ஒரு மருந்து. உன் கையில இருந்திருந்தா யாருக்குப் போட்டிருப்ப?"

 அதற்கு உண்மையான பதில் ஒன்றுதான் உண்டு, அது எல்லாருக்கும் தெரியும்.

டாக்டரம்மா மூத்தவனிடம் திரும்பினார். "உங்களுக்குக் காய்ச்சல் வந்ததும் தம்பிக்கு வரலையேன்னு சந்தேகம் வந்துச்சு. அவர்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தீங்க. அப்புறம் கேக்க வேண்டிய ஆள்கிட்ட கேட்டீங்க, பதில் கிடைச்சது. அதோட தம்பிகிட்ட கேக்கறதை விட்டீங்க. தெரிஞ்சேதான் அவரை விமானத்துல பக்கத்து சீட்ல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனீங்க. அவர் செத்ததும் கொசுவலைக் கதையை முதல்ல சொன்னதும் நீங்கதான்."

மூத்தவன் தலையைத் தூக்கவில்லை. "நானே பார்த்துப்பேன்னு நெனச்சேன்" என்றான். என்ன பார்த்துக்கொண்டான் என்று யாரும் கேட்கவில்லை.

"தலையெழுத்து" என்றாள் நர்ஸ், அழ ஆரம்பித்தபடி. "இருந்ததே ஒருத்தருக்குத்தான். நான் என்ன பண்ணுவேன்?"

டாக்டரம்மா இதைச் சொல்லாமலே போயிருக்கலாம். சொன்னால் எங்கே போய் வெட்டும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

"கொள்ளைநோய் வந்து மருந்து பத்தாமப் போன ஊர்ல ஒரு ஆளுக்கான மருந்தை அஞ்சாப் பிரிச்சு அஞ்சு பேருக்குப் போட்டிருக்காங்க. அந்த அளவே காப்பாத்தும். அந்த ஒரு குப்பியை நீங்க ஆளுக்குப் பாதியாப் போட்டிருந்தா ரெண்டு பேரும் திரும்பி வந்திருப்பாங்க. யார்கிட்டயாவது வாயைத் திறந்து கேட்டிருந்தா போதும். என் அறைக்குப் படியேறி வந்திருந்தா நானே சொல்லியிருப்பேன்."

நர்ஸின் அழுகை சட்டென்று நின்றுவிட்டது. மூத்தவன் முதல்முறையாகத் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையோடு அவள் இனி எத்தனை வருடம் குடித்தனம் பண்ண வேண்டுமோ.

மாமியார்தான் முதலில் எழுந்தார். நடந்துபோய் இளைய மருமகளின் கையைப் பிடித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் அவளைத் தொடுவது அதுதான் முதல் தடவை. அவர் மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்து விசா மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"போனவன் போயிட்டான்மா" என்றார் மாமியார். "இருக்கிற ஒருத்தனாவது எனக்கு இருக்கட்டும். வலையாலதான்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. அது அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. உனக்கென்ன, பழகிப்போச்சு. நீங்க ரெண்டு பேரும் இருந்த அறையை உனக்கே திரும்பத் தந்துடறேன். உன் கையால சாப்பிடறேன்."

 இளையவள் மெதுவாகத் தன் கையை விடுவித்துக்கொண்டாள்.

"விசா சார், போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம்?"

"நிரூபிக்கிறது கஷ்டம்மா" என்றார் டாக்டரம்மா. அவர் பொய்யாக ஆறுதல் சொல்கிறவர் இல்லை. "குப்பியெல்லாம் எப்பவோ போயிடுச்சு. நாளைக்கு இவங்க யாரும் இதை ஒத்துக்க மாட்டாங்க."

"நிரூபிக்கிறது போலீஸ் பாடு டாக்டர்" என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே. "அவரை நான் கொல்லலன்னு ஒரு இடத்துலயாவது நான் வாய்விட்டுச் சொல்லணும்."