வாய் இல்லாத பருவம்

“உட்காருங்கண்ணே. உட்கார்ந்துக்கிட்டே சொல்லுங்களேன், பார்க்கிற எனக்கே கால் வலிக்குது.”

“மாட்டேன்.”

“ஏன்?”

“குவியல் கரையல. அதான்.”

கதவில் பதித்த சின்னக் கண்ணாடி வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியபடி. உள்ளே ஆமை நடந்துகொண்டிருந்தார். ஒரு டீயை ஆறவைத்து, ஆடை எடுத்து, மறுபடி சுடவைத்துக் குடிக்கிற மனுஷன் என்பதால் அந்தப் பூச்சிக் கூடத்தில் எல்லாருக்கும் அவர் ஆமைதான். ஒரு இடத்தில் நிற்கத் தெரியாதவள் என்பதால் அவள் துறுதுறு. ஐந்து வருஷமாக ஒரே ஷிப்ட். அந்த ஐந்து வருஷத்தில் ஆமை வேகமாக நடந்து அவள் பார்த்ததே இல்லை. இப்போது அலமாரிகளுக்கு நடுவே அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்குமாக, சாவி கொடுத்த பொம்மை மாதிரி, திரும்பும் இடத்தில்கூட நிற்காமல் நடந்தார்.

ஆய்வகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் பூச்சி வளர்த்துக் கொடுக்கிற இடம் அது. பத்து அறை. சுத்தமான கூட்டங்கள் முதல் அறைகளில், சந்தேகமானவை பின்னால், நோய் கண்டவை பத்தாவதில். அதற்குப் பெயர் ஒதுக்கறை. வேலை எப்போதும் ஒன்றிலிருந்து பத்துக்குத்தான் போகும், பத்திலிருந்து ஒன்றுக்கு அன்றைக்கு யாரும் திரும்ப முடியாது. அலமாரியின் கால்கள் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும். ஒவ்வொரு பெட்டியின் வாய் ஓரத்திலும் இரண்டு விரல் அகலத்துக்கு வாசலின் களிம்பு பூசியிருக்கும். இத்தனையும் தூசியை விடப் பெரிதில்லாத ஒரு ஜந்துவுக்காக. பொடி உண்ணி. போன வாரம் அது பத்தாவது அறையின் காட்டுக் கரப்பான்களில் ஏறிவிட்டது. சுத்தம் செய்ய நேற்றுக் காலையில் உள்ளே போன ஆமை இன்னும் வெளியே வரவில்லை.

“கரையலன்னா வெறும் தூசின்னு அர்த்தம். நல்லதுதானேண்ணே?” என்றாள்.

சந்தேகமான தூசியைக் கருப்புத் தாளில் கூம்பாகக் குவித்துவிட்டுப் பத்து நிமிஷம் கழித்துப் பார்ப்பது அவர்கள் வழக்கம். வெறும் தூசி என்றால் கூம்பு அப்படியே நிற்கும். உண்ணி இருந்தால் உள்ளுக்குள் ஊர்ந்து ஊர்ந்து கூம்பு சரிந்து, தட்டையாகிவிடும். கரைந்துவிட்டது என்பார்கள்.

“கரையல,” என்றார் ஆமை. “வளர்ந்திருக்கு.”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. போனில் அவர் செருப்பு தரையில் உரசும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. சரக், சரக், சரக்.

“பயணப் பருவம் தெரியும்ல உனக்கு?”

“பரீட்சை வைக்கிறீங்களா? சாப்பாடு தீர்ந்தா கொஞ்சம் உண்ணி மட்டும் உருமாறிடும். அதுக்கு வாயே இருக்காது. பிடிச்சுக்க மட்டும்தான் தெரியும். நடமாடுற எதையாவது பிடிச்சுக்கிட்டு அடுத்த இடத்துல போய் இறங்கும். பாஸா, பெயிலா?”

“அதிகமா நடமாடுறதை,” என்று திருத்தினார். “கிழட்டுக் கரப்பான் மேல இருந்ததெல்லாம் நேத்தே குட்டிங்க மேல மாறிடுச்சு. களைச்சதை விட்டுட்டுப் போயிடுதும்மா. விட்டுட்டுப் போனதைத் தொட்டுப் பார்த்தேன்.”

“தொட்டா?”

“வெறும் கூடு. உள்ள ஒண்ணுமே இல்ல.”

“வாயில்லாதது எப்படிண்ணே சாப்பிடும்?”

“நேத்துலேருந்து அதையேதான் யோசிச்சுக்கிட்டு நடக்கிறேன்.”

கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து திரும்பியபோது அவர் முகத்தைப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. காது மடலுக்குப் பின்னால், கழுத்தில், மரத்தூள் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. வேர்வையில் ஒட்டிய தீவனப் பொடியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

“வெளிய வாங்கண்ணே. போதும்.”

“வந்தா கொண்டு வந்துருவேன். நீ கதவைத் திறக்காத.”

கூடத்தின் பொறுப்பில் இருக்கிற டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் ஏதோ கூட்டத்தில் இருந்தார். “ரெண்டு நாளா தூங்காம தலை சுத்துது அவருக்கு. உன் அறைங்களை முடிச்சுட்டு, போய் அவரைக் கையோட கூட்டிட்டு வந்து வீட்டுக்கு அனுப்பு,” என்று கிசுகிசுத்துவிட்டு வைத்துவிட்டார்.

சரிதான் என்று பட்டது அவளுக்கு. முதல் அறையிலிருந்து தொடங்கினாள். தண்ணீர்ப் பஞ்சு மாற்றினாள், செத்ததைப் பொறுக்கினாள், களிம்பு வளையத்தை விரலால் சரிசெய்தாள். எப்போதும் பாட்டுப் போட்டுக்கொண்டு செய்கிற வேலை. இன்றைக்குப் பாட்டை நிறுத்திவிட்டாள், ஏனென்றால் பாட்டுக்கு அடியில் அந்தச் சரக் சரக் சத்தம் சுவர் வழியாக வருகிறதா என்று காது தானாகப் போய்க்கொண்டிருந்தது. ஈரத் தவிட்டின் புளித்த வாசனை, முட்டை அட்டைகளுக்குள் ஆயிரம் கால்கள் உரசுகிற மழைத் தூறல் மாதிரியான ஓசை, பெட்டியை அசைத்தால் கரப்பான்கள் விடுகிற நீண்ட சீறல். எல்லாம் பழகியவைதான். இருந்தும் முழங்கைக்கு மேலே அரித்தது. சொறிந்தாள். வேறு இடத்தில் அரித்தது.

சுவரில் கடிகாரம் இரண்டு நாற்பது காட்டியது. மூன்றரைக்கு மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வர வேண்டும். ஒன்றாம் வகுப்பு. புருஷன் வேலைக்கு வெளியூர் போய்விட்டான், ராத்திரிதான் வருவான். தினமும் பள்ளிக்கூட வாசலிலிருந்து வீடு வரைக்கும் இரண்டு பேருக்கும் ஓட்டப் பந்தயம். தினமும் கடைசி முக்கில் மூச்சு வாங்குகிற மாதிரி நடித்து அவள் தோற்றுப்போவாள். “அம்மா ஆமை! அம்மா ஆமை!” என்று அது குதிக்கும்.

ஒன்பதாவது அறையை முடித்து வெளியே வந்தாள்.

சரக் சத்தம் இல்லை.

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஆமை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முதுகு இந்தப் பக்கம். தலை லேசாகக் குனிந்திருந்தது. அப்பாடா, என்று வாய்விட்டுச் சொன்னாள்.

கதவைத் திறந்தாள்.

“அண்ணே, தூங்கிட்டீங்களா? எழுந்திருங்க. டாக்டர் உங்களை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டார்.”

அறையில் சீறல் இல்லை. உரசல் இல்லை. பெட்டிகளில் கரப்பான்கள் அட்டைகளின் மேல் நின்றுகொண்டிருந்தன, நூறு நூறாக, மீசையை நீட்டியபடி. ஒன்றுகூட அசையவில்லை. மேஜையில் கருப்புத் தாள். அதன் மேல் ஒரு கூம்பு. சிட்டிகை அளவில் வைத்திருக்க வேண்டியது ஒரு சாண் உயரத்துக்கு நின்றது.

“அண்ணே?”

தோளைத் தொட்டாள்.

தோள் அமுங்கியது.

சட்டைத் துணி கையோடு உள்ளே போனது, தவிட்டு மூட்டைக்குள் கையை விட்ட மாதிரி, மணிக்கட்டு வரைக்கும். வெதுவெதுப்பாக இருந்தது. ஏதோ அவள் விரல்களைச் சுற்றிப் பிடித்தது. லட்சம் பிடி. ஒவ்வொன்றும் ஊசி முனை அளவு. இழுத்தாள். சட்டை சரிந்தது. கால்சட்டை சரிந்தது. ஸ்டூலைச் சுற்றி மரத்தூள் நிறத்தில் பொடி, மெல்ல, சத்தமே இல்லாமல் கொட்டியது.

அவள் கத்தவில்லை. கத்த மூச்சை இழுக்க வேண்டும். அந்தக் காற்றை இழுக்கப் பயந்தாள்.

கை தெரிந்த வேலையைத் தானாகச் செய்தது. கரப்பான் மேல் உண்ணி ஏறினால் அதை மாவுப் பையில் போட்டுக் குலுக்குவார்கள். மாவு படிந்த உடம்பில் உண்ணிக்குப் பிடி வழுக்கும், உதிர்ந்துவிடும். பிறகு மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, புதுப் பெட்டியில் விடுவார்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தாள். நடைவழியில் இருந்த மாவு மூட்டையை இழுத்து, வாசலில் நின்று, தலையில் கொட்டினாள். கழுத்தில், அக்குளில், விரலிடுக்கில் தேய்த்தாள். உதறினாள். உதிர்ந்த மாவைக் கூம்பாகக் குவித்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். எண்பதில் கரைந்தது. கூழ் மாதிரி பரவியது.

மறுபடி கொட்டினாள். தேய்த்தாள். உதறினாள். இந்த முறை கரைய வெகுநேரம் எடுத்தது.

மூன்றாவது முறை. கூம்பு நின்றது. பத்து நிமிஷம் கண் கொட்டாமல் பார்த்தாள். அப்படியே நின்றது. வளரவும் இல்லை.

போன் அடித்தது.

“மேடம், ஸ்கூல் வாட்ச்மேன் பேசுறேன். உங்க பொண்ணு மட்டும்தான் நிக்குது. கேட் பூட்டணும்.”

“வர்றேன்ணே. இதோ அஞ்சு நிமிஷம். அவளை உள்ளயே உட்கார வைங்க.”

“எங்க உட்காருது? உங்க பொண்ணாச்சே. கேட்டைச் சுத்திச் சுத்தி ஓடிட்டிருக்கு.”

மணி என்ன? மேஜைக்கு ஓடிக் கடிகாரத்தை எடுத்தாள். மூன்று ஐம்பது. குளிக்க நேரமில்லை. பழைய துணியை அங்கேயே அவிழ்த்துப் போட்டுவிட்டு, லாக்கரில் இருந்த துவைத்த உடுப்பை மாட்டிக்கொண்டு, டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டே ஒதுக்கறையைப் பூட்டினாள். டாக்டர் எடுக்கவில்லை. போகிற போக்கில் ஒருமுறை கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது.

ஸ்டூலில் சட்டை மறுபடி நிமிர்ந்திருந்தது. அதற்குத் தோள் இருந்தது.

ஓடினாள்.

வெளியே நல்ல வெயில். பஸ், சைக்கிள், பழ வண்டி, முடி வெட்டுகிற கடையில் ரேடியோ. எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். தலை, முகம், கை எல்லாம் வெள்ளை மாவு. “எந்த மில்லும்மா?” என்று ஒருவன் கேட்டான். முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. எல்லாரும் நின்றார்கள். அவள் நிற்கவில்லை. நிற்க நினைத்தாள். கால் நின்ற இடத்திலேயே மாறி மாறித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. பயத்தில் வரும் நடுக்கம். நான்தான் துறுதுறு ஆயிற்றே. அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

கேட்டில் மகள் பையை ஆட்டிக்கொண்டு நின்றாள். ஒரு நொடி பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அம்மா, நீ பொம்மை மாதிரி இருக்க! இன்னைக்கும் நான்தான் ஃபர்ஸ்ட்!”

“இன்னைக்கு வேணாம்டா தங்கம். மெதுவா நடந்து போலாம்.”

“தோத்துடுவேன்னு பயம். ஆமை அம்மா!”

சொல்லிக்கொண்டே வந்து மகள் கையை நீட்டினாள். அவள் இடது கையால் பிடித்துக்கொண்டாள். சின்ன, சூடான, ஒரு நொடிகூடச் சும்மா இருக்காத கை. வந்த வழியிலேயே நடந்தார்கள். அப்போதுதான் மணிக்கட்டில் ஒரு கூச்சம். குனிந்து பார்த்தாள்.

கைக்கடிகாரம்.

அவர் தோளுக்குள் போன கை. அந்தக் கையில் இருந்த கடிகாரம். மாவு போடுவதற்கு முன்னால் கழற்றி வைத்தது. பிறகு மாட்டிக்கொண்டது. சுத்தம் செய்த பூச்சியைப் பழைய பெட்டியில் திரும்ப விடாதே என்று வேலைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் அவள்தான் நூறு தடவை சொல்லியிருக்கிறாள்.

பட்டைக்கு அடியிலிருந்து, வெள்ளை மாவின் மேல், மரத்தூள் நிறத்தில் ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல். புறங்கை. விரல் முட்டி. அங்கே அந்தக் கோடு ஒரு கணம் நின்றது, எது அதிகமாக நடமாடுகிறது என்று யோசிக்கிற மாதிரி.

கையை உருவினாள்.

“அம்மா?”

களைத்ததை விட்டுவிடும். வேகமானதைப் பிடிக்கும். அப்படியென்றால் நான் வேகமாக இருக்க வேண்டும். இன்றைக்கு நான் தோற்கக் கூடாது.

ஓடினாள்.

“ஏய்! ரெடி சொல்லவே இல்ல! கள்ள ஆட்டம்!”

பின்னால் ஷூ சத்தம். தப் தப் தப். சிரிப்பு. அவள் இன்னும் வேகமாக ஓடினாள். கோடு திரும்பி மணிக்கட்டுக்கு ஏறியது. முழங்கைக்கு ஏறியது. வா, என் மேலேயே இரு, இங்கேயே இரு. பழ வண்டியைத் தாண்டினாள். நெஞ்சு எரிந்தது. முடி வெட்டுகிற கடை. கடைசி முக்கு. தினமும் தோற்கிற இடம். கால் தளர்ந்தது. இன்றைக்கு நடிப்பு இல்லை.

சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. எப்போது நின்றது?

ஷூ சத்தம் நிற்கவில்லை. மூச்சு வாங்குகிற சத்தமும் இல்லை. தப் தப் தப். ஒரே சீராக, சாவி கொடுத்த மாதிரி, நெருங்கி, பக்கத்தில் வந்து, அவள் கையை உரசிக்கொண்டு தாண்டிப் போனது. இரட்டைச் சடை குதிக்க, திரும்பிப் பார்க்காமல். காது மடலுக்குப் பின்னால், அந்தப் பூங்கழுத்தில், மரத்தூள் நிறத்தில் ஒரு விரல் அகலத்துக்கு அப்பியிருந்தது.

வீட்டு வாசல் வந்தது. குழந்தை நிற்கவில்லை. வாசலைத் தாண்டித் தெருவில் ஓடிக்கொண்டே இருந்தது.

அம்மா தன் கையைப் பார்த்தாள். வெள்ளை மாவு. சுத்தமாக, ஒரு புள்ளிகூட இல்லாமல். விரலை மடக்கினாள். மடங்கிய இடத்தில் தோல் காகிதம் மாதிரி உள்ளே அமுங்கியது.

அந்தக் கேட்டில் பிள்ளை கையை நீட்டியபோது, நீங்களாக இருந்தால் பிடித்திருக்க மாட்டீர்களா? சொல்லுங்கள், நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?