மேலிருந்து கீழே

சனிக்கிழமை என்றாலே அலபாமாவில் எங்கள் வீடு சர்க்கரைவள்ளிக் கிழங்கு அப்பத்தின் வாசனையால் நிறைந்துவிடும். அந்த வாசனை இன்றும் என் மூக்கிலேயே நிற்கிறது.

ஒரு சனிக்கிழமை மட்டும் அம்மா அப்பம் சுடவில்லை. காரணம், ஊர்ப் பத்திரிகை. அம்மா திருச்சபை மாதர் சங்கத்தின் தலைவி ஆன செய்தி அதில் வந்திருந்தது. அதே பக்கத்தில் வெள்ளைக்காரப் பெண்கள் எல்லாரும் 'திருமதி'. அம்மா மட்டும் வெறும் 'அர்மெல்லா பெட்டிஸ்'. கறுப்பினப் பெண்களுக்கு அந்தப் பத்திரிகை 'திருமதி' போடுவதே கிடையாது.

"விடு, எஸ்ஸி மே. எனக்குப் பழகிப் போச்சு" என்றார் அம்மா. குரல் கம்மியிருந்தது.

பத்து வயதான எனக்குப் பழகவில்லை.

"என்ன பண்ணப் போற? பத்திரிகை ஆசிரியர் மூக்கைக் கடிக்கப் போறியா?" என்று சீண்டினான் அண்ணன் கார்னெல்.

"பாட்டு எழுதப் போறேன்!"

பத்திரிகையில் எங்கள் கறுப்பினத் தெருக்காரர்கள் எழுதுவதற்கென்று ஒரு மூலை உண்டு. அம்மாவின் அப்பத்தைப் பற்றிய பாட்டை எடுத்துக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்குப் பின்வாசல் வழியாகப் போனேன். முன்வாசல் எங்களுக்கில்லை.

ஆசிரியர் படித்தார். "பாட்டு ஜோர்! ஆனா இது கூடாது" என்று அம்மா பெயருக்கு முன்னால் நான் எழுதியிருந்த 'திருமதி'யைப் பென்சிலால் அடித்தார்.

"ஏன் சார்?"

"உங்க ஆளுங்களுக்குப் போடற வழக்கமில்ல பொண்ணே."

பாட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். "அப்ப வரிகளை மாத்தித் தரேன் சார்."

பின்வாசல் படியில் உட்கார்ந்து, பென்சிலைக் கடித்துக் கடித்து எழுதிக் கொடுத்தேன். அவர் அந்த வார்த்தையைத் தேடிப் பார்த்தார். காணோம்.

"சமத்து!" என்று வாங்கிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை பாட்டு அச்சில் வந்தது.

தித்திக்கும் கிழங்கை மசித்தெடுத்து
ருசிக்க வெண்ணெயும் பாலும் சேர்த்து
மணக்க மணக்கச் சுட்டெடுத்துத்
திருச்சபை விருந்தில் தருவார் அர்மெல்லா பெட்டிஸ்!

கார்னெல் உதட்டைப் பிதுக்கினான். "திருமதி எங்கடி? பயந்துட்டியா?"

"ஒவ்வொரு வரியிலயும் முதல் எழுத்தை மட்டும் மேலருந்து கீழ படிச்சுப் பாருண்ணே."

"தி... ரு... ம... அம்மா! ஓடி வாங்க! இந்தக் குட்டிப் பிசாசு அவங்க பத்திரிகையிலயே போட வச்சுட்டா!"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். விரலால் எழுத்துகளைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"இன்னொரு தடவை படிடி."

"குறுக்கவாம்மா, நெடுக்கவா?"

"நெடுக்க!" என்றார் திருமதி அர்மெல்லா பெட்டிஸ்.